‘டியர் டி/ஓ’ என்று தொடங்கும் மடல் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ஈசூனில் வீட்டிலேயே துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். பல ஆண்டுகளாக ஒரே ஜிமெயில் முகவரிதான். மூன்று மாதமாக நாளுக்கு முப்பது, நாற்பது குப்பை மடல்கள் வந்து குவிகின்றன. கடன் வேண்டுமா, பார்சலுக்கு 2.99 வெள்ளி கட்டுங்கள், புதிய கொண்டோ பார்க்க வாருங்கள் என்று எல்லாம் கலந்து வருகிறது. சிலவற்றில் என் பெயரே இருக்கிறது. அதிலும் சில ‘டியர் டி/ஓ’ என்று தொடங்குகின்றன. போன வாரம் மாணவி ஒருத்தியின் அம்மா, நான் அனுப்பியதுபோல் ஒரு மடல் தமக்கு வந்ததாகச் சொன்னார். நான் எதையும் அனுப்பவில்லை. என் கணக்குக்குள் யாராவது நுழைந்துவிட்டார்களா? இவற்றை அனுப்புவது யார் என்று கண்டுபிடிக்க முடியுமா? போலிசுக்குப் போகலாமா, இல்லை முகவரியையே மாற்றிவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கணக்குக்குள் யாராவது நுழைந்தார்களா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மற்றவை நாளைக்கும் காத்திருக்கும், அது காத்திருக்காது.

மாணவியின் அம்மாவிடம் அந்த மடலை ஃபார்வர்டு செய்யச் சொல்லாதீர்கள். ஃபார்வர்டு செய்தால் எழுத்து மட்டும்தான் உங்களிடம் வரும். மடல் வந்த வழியைச் சொல்லும் ‘ஹெடர்’ அவர் பெட்டியிலேயே தங்கிவிடும். அவரும் ஜிமெயில் வைத்திருந்தால், கணினியில் மடலைத் திறந்து, வலப்பக்க மூலையில் ரிப்ளை அம்புக்குறியை ஒட்டியுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கைப்பேசிச் செயலியில் இந்த வசதி இல்லை. யாகூவில் இதன் பெயர் ‘வியூ ரா மெசேஜ்’. அவுட்லுக் இணையப் பக்கத்தில் மூன்று புள்ளிகள், ‘வியூ’, ‘வியூ மெசேஜ் சோர்ஸ்’ என்று போகவேண்டும். திறக்கும் பக்கத்தை அவர் படமெடுத்து அனுப்பினாலும் இப்போதைக்குப் போதும்.

ஜிமெயிலில் அந்தப் பக்கத்தின் தலைமாட்டிலேயே ஒரு சிறு அட்டவணை இருக்கும். அதில் ‘ஃப்ரம்’ வரியையும் ‘டிகிம்’ வரியையும் பாருங்கள். ‘டிகிம்’ என்பது மடல் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதைக் காட்டும் மின்முத்திரை; தேறினால் ‘பாஸ்’ என்றிருக்கும். ‘ஃப்ரம்’ வரியில் உங்கள் பெயர் இருந்து, கோணக்குறிகளுக்குள் வேறு யாருடைய முகவரியோ இருந்தால், பெயரை மட்டும் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான். கைப்பேசித் திரை பெயரை மட்டும் காட்டுவதால் எளிதில் ஏமாந்துவிடுகிறோம். முகவரியும் அச்சாக உங்களுடையதாக இருந்து, ‘டிகிம்’ தேறவில்லை என்றாலோ, வேறு ஏதோ தளத்தின் பெயரில் தேறியிருந்தாலோ, வெளியாள் உங்கள் முகவரியைப் போலியாக எழுதியிருக்கிறார். முகவரி உங்களுடையது, ‘டிகிம்’ ஜிமெயில்.காம் பெயரிலேயே ‘பாஸ்’ என்றால் விஷயம் வேறு. மடல் உங்கள் கணக்கிலிருந்தே கிளம்பியிருக்கிறது.

இந்த மூன்றாவது நிலை என்றால் கடவுச்சொல்லை உடனே மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். அதோடு நின்றுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. உள்ளே நுழைந்தவன் போகும்போது ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுப் போவான். ஜிமெயில் அமைப்புகளில் ‘ஃபில்டர்ஸ்’ பகுதியைத் திறந்து, நீங்கள் போடாத விதி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ‘பேங்க்’, ‘பாஸ்வேர்டு’ போன்ற சொற்கள் உள்ள மடல்களை நேரே குப்பைக்கு அனுப்பும்படி விதி போட்டு வைப்பார்கள். எச்சரிக்கை மடல் வந்தாலும் உங்கள் கண்ணில் படாது. ‘ஃபார்வர்டிங்’ பகுதியில் தெரியாத முகவரி இருந்தால், கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் உங்கள் மடல்களின் நகல் அங்கே போய்க்கொண்டேயிருக்கும். ‘அக்கவுன்ட்ஸ்’ பகுதியில் வேறு யாருக்காவது உங்கள் பெட்டியைத் திறக்கும் அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்டியின் அடியில் வலது மூலையில் ‘டீடெயில்ஸ்’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். கடைசியாக எந்தச் சாதனத்திலிருந்து, எந்த நேரத்தில் பெட்டி திறக்கப்பட்டது என்பது அங்கே தெரியும். முதல் இரண்டு நிலைகள் என்றாலும் ஒருமுறை இவற்றைப் பார்த்து வைப்பது நல்லது. பத்து நிமிட வேலைதான்.

கணக்கு பத்திரமாக இருக்கிறதென்றால், அந்த அம்மாவுக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு வெளியாளுக்கு எப்படித் தெரிந்தது? உங்கள் இருவர் முகவரியும் ஒன்றாகக் கிடக்கும் ஏதோ ஒரு பெட்டியிலிருந்துதான் தெரிந்திருக்கும். கட்டண அறிவிப்பையோ விடுமுறைத் தகவலையோ எல்லாப் பெற்றோருக்கும் ‘டு’ அல்லது ‘சிசி’யில் போட்டு அனுப்பியிருந்தால், அந்தப் பட்டியல் அத்தனை பேர் கணினியிலும் இருக்கிறது. அவற்றில் ஒன்றில் கிருமி புகுந்தால் போதும். 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறையினர் சேர்ந்து முடக்கிய எமோடெட் என்ற தீநிரல் இந்த வேலையைத்தான் செய்தது: பெட்டியிலுள்ள பழைய உரையாடல்களை எடுத்து, அவற்றுக்கே பதில் அனுப்புவதுபோல் நடித்தது. அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் தலைதூக்கியது. இனிமேல் பெற்றோர் முகவரிகளைப் ‘பிசிசி’யில் போடுங்கள். அதில் போட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது.

இனி, அனுப்புவது யார் என்ற கேள்வி.

ஆளைப் பிடிப்பது அநேகமாக நடக்காது. மடல் எந்தக் கணினியிலிருந்து கூகுளின் வாசலுக்கு வந்தது என்பதுவரை உங்களால் போகமுடியும். அந்தக் கணினியை வாடகைக்கு எடுத்தவர் யார் என்பது அதன் உரிமையாளருக்கும் நீதிமன்ற ஆணைக்கும்தான் தெரியும். ஆனால் ‘என் முகவரியை இவர்களுக்குக் கொடுத்தது யார்’ என்ற கேள்விக்கு விடை காண உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அனுப்பியவரைத் தேடிக் களைத்துப் போகிறவர்கள் பலர். கொடுத்தவரைத் தேடுகிறவர்கள் குறைவு. இருந்தாலும் ஹெடரைப் படிக்கத் தெரிந்தால்தான் இரண்டாவது வேலையும் கூடும் என்பதால், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி விதிமுறை 1982ல் எழுதப்பட்டது. அனுப்புநர் தாம் சொல்லும் ஆள்தானா என்று சரிபார்க்க அதில் ஏற்பாடு எதுவும் இல்லை. தபால் உறையின் பின்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதுபோலத்தான். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் அந்தச் சரிபார்ப்புக்காகப் பிற்காலத்தில் போட்ட ஒட்டுகள். ஆனால் மடலைக் கைமாற்றும் ஒவ்வொரு சர்வரும் ‘ரிசீவ்ட்’ என்று ஒரு வரியை மடலின் தலையில் சேர்த்துவிடும். புதிய வரி மேலே, பழைய வரி கீழே. திரையில் ஆங்கில எழுத்தில் இருப்பதை உச்சரிப்பில் தருகிறேன். பெயரும் எண்ணும் உதாரணத்துக்காகப் போட்டவை:

ரிசீவ்ட்: ஃப்ரம் மெயில்.பார்சல்-சர்வீஸ்.எக்ஸாம்பிள் (ஹோஸ்ட்45.எக்ஸாம்பிள்.நெட். [203.0.113.45]) பை எம்எக்ஸ்.கூகுள்.காம், டியூ, 03 ஜூன் 2025 11:42:07 -0700

‘ஃப்ரம்’ என்ற சொல்லுக்கு அடுத்து வருவது, அனுப்பிய கணினி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட பெயர். பார்சல் நிறுவனம் என்று சொல்லும், வங்கி என்று சொல்லும், எதையும் சொல்லும். வளைவுக் குறிக்குள் முதலில் இருப்பது, அந்த எண்ணுக்குப் பதிவாகியுள்ள பெயரைக் கூகுள் தானாகத் தேடி எழுதியது. சதுரக் குறிக்குள் இருக்கும் எண்தான் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அந்தக் கணினிக்கு உள்ள எண். இது பொய்யாக இருக்கமுடியாது. இரு கணினிகளும் ஒன்றுக்கொன்று பதில் அனுப்பிக்கொண்டால்தான் இணைப்பே ஏற்படும். பொய்யான எண்ணைக் கொடுத்தால் பதில் வேறெங்கோ போய்விடும். முதல் பெயர் ஒன்றாகவும் இரண்டாவது பெயர் சம்பந்தமே இல்லாததாகவும் இருந்தால் அப்போதே சந்தேகப்படலாம். நேரத்தைப் பொறுத்தவரை, -0700 என்றிருந்தால் 15 மணி நேரமும், -0800 என்றிருந்தால் 16 மணி நேரமும் கூட்டினால் நம் நேரம் வரும். மேலே உள்ளது இங்கே புதன்கிழமை அதிகாலை 2.42.

ஹெடரைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். மேலிருந்து கீழாகப் படிப்பதே பாதுகாப்பானது என்பேன். உச்சியில் இருப்பவை கூகுள் தனக்குள்ளேயே கைமாற்றிக்கொண்ட வரிகள். அவற்றைத் தாண்டி, கூகுள் வெளியாளிடமிருந்து மடலை வாங்கிய முதல் வரியில் நில்லுங்கள். அதுவரைதான் நம்பலாம். அதற்குக் கீழே உள்ள வரிகளை அனுப்பியவரே இட்டுக்கட்டி எழுதி வைத்திருக்கலாம். தேடுகிறவர்களைத் திசைதிருப்பப் பிரேசில், நைஜீரியா என்று பாதை போட்டுக் காட்டுவது பழைய தந்திரம். ஒரு வரியில் மடலை வாங்கியதாகச் சொல்லும் சர்வரும், அதற்கு மேல்வரியில் மடலைக் கொடுத்ததாகச் சொல்லும் சர்வரும் பொருந்தாவிட்டால், அல்லது நேரம் பின்னோக்கிப் போனால், அது இட்டுக்கட்டியது. 10, 192.168, 172.16 முதல் 172.31 வரை எனத் தொடங்கும் எண்கள் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் புழங்குபவை. அவற்றை வெளியில் தேடிப் பயனில்லை. வேறொரு பழைய முகவரியிலிருந்து மடல்கள் ஜிமெயிலுக்குத் தானாக வரும்படி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் முதல் வெளியாள் அந்தப் பழைய சேவைதான். அதற்கு அடுத்த வரியைப் பார்க்கவேண்டும்.

அந்த ஐபி எண்ணை ஏப்நிக் இணையத்தளத்தின் தேடல் பெட்டியில் போடுங்கள். ஆசிய பசிபிக் வட்டார எண்களுக்கு ஏப்நிக், ஐரோப்பாவுக்கு ரைப், வட அமெரிக்காவுக்கு ஏரின் என்று பதிவகங்கள் பிரிந்திருக்கின்றன. ஒன்றில் இல்லாவிட்டால் அதுவே எங்கே போகவேண்டும் என்று சொல்லும். எண் யாருக்கு ஒதுக்கப்பட்டது, முறைகேடு பற்றிப் புகார் செய்ய எந்த முகவரி என்பவை கிடைக்கும். அங்கே ‘சிங்கப்பூர்’ என்று பார்த்ததும் அனுப்பியவர் பக்கத்துப் புளோக்கில் இருக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். பன்னாட்டு நிறுவனங்களின் தரவு மையங்கள் இந்தத் தீவில் ஏராளம். எங்கிருந்தோ ஒருவர் இணையம்வழி இங்கே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். ஐபி எண்ணை வரைபடத்தில் காட்டும் தளங்களில் விழும் புள்ளியும் நிறுவனத்தின் இடத்தைத்தான் காட்டும், ஆளின் வீட்டை அல்ல. சில நேரம் அந்தச் சர்வர் ஏதோ ஒரு பூக்கடையின் இணையத்தளமாக இருக்கும். அதன் மென்பொருள் பல மாதமாகப் புதுப்பிக்கப்படாமல் கிடந்ததால் வேறொருவர் உள்ளே புகுந்து மடல் அனுப்புவார். கடைக்காரரைத் திட்டி எழுதிப் பயனில்லை. ஜிமெயிலின் இணையப் பக்கத்திலிருந்தே அனுப்பப்பட்ட குப்பை என்றால் கூகுளின் எண்தான் தெரியும். அனுப்பியவர் வீட்டு எண்ணைக் கூகுள் ஹெடரில் எழுதுவதில்லை. தேடல் அங்கேயே நின்றுவிடும்.

அட்டவணையில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் ‘பாஸ்’ என்று இருப்பதைப் பார்த்து, இது நல்ல மடல் என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘பாஸ்’ நன்னடத்தைச் சான்றிதழ் இல்லை. இந்தத் தளத்தின் பெயரில் வந்த மடல் உண்மையிலேயே அந்தத் தளத்திலிருந்துதான் வந்தது என்பதோடு அதன் பொருள் முடிந்துவிடுகிறது. மோசடிக்காரர் சொந்தமாக ஒரு தளப்பெயரை வாங்கினால் மூன்றிலும் தேறிவிடுவார். எனவே தேறியது எந்தப் பெயரில் என்று பாருங்கள். அந்தப் பெயரை, தளப்பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் போட்டால், எப்போது பதிவானது என்று தெரியும். வங்கியின் பெயரைச் சொல்லும் தளம் இரண்டு வாரத்துக்கு முன்புதான் பிறந்தது என்றால் மேற்கொண்டு யோசிக்க எதுவுமில்லை.

நாளுக்கு நாற்பது மடல்களுக்கும் இதைச் செய்தால் துணைப்பாட வகுப்பு நடந்தமாதிரிதான். அட்டை எண், கடவுச்சொல் கேட்கும் மடல்களில் ஒன்றிரண்டை எடுத்து, ‘டவுன்லோட் ஒரிஜினல்’ மூலம் கோப்பாக இறக்கி, அதை இணைத்து, ஐபி எண்ணையும் நேரத்தையும் குறிப்பிட்டு, முறைகேட்டுப் புகார் முகவரிக்கு மூன்று வரி எழுதினால் போதும். சர்வர் நிறுவனங்கள் கணக்கை மூடுவது இத்தகைய புகார்களால்தான். மிச்சத்துக்கு ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ பொத்தான். வெறுமனே அழித்தால் வடிகட்டி எதையும் கற்றுக்கொள்ளாது.

உங்களுக்கு வருவனவற்றில் சிலவற்றை ஹெடர் பார்க்காமலே ஒதுக்கிவிடலாம். உரிமம் பெற்ற கடன் நிறுவனங்கள் தங்கள் கடையிலும், தங்கள் இணையத்தளத்திலும், வர்த்தகக் கையேடுகளிலும் மட்டுமே விளம்பரம் செய்யலாம். கடன் தருகிறேன் என்று வரும் மடல் உரிமமில்லாத ஆளிடமிருந்து வருகிறது, அல்லது மோசடி. 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையம் எடுத்த நடவடிக்கைகளுக்குப் பிறகு, தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் வங்கிகள் அழுத்தக்கூடிய இணைப்பு வைப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டன. இணைப்போடு வந்து, அதன்வழி கடவுச்சொல்லோ அட்டை எண்ணோ கேட்டால் அது வங்கியிடமிருந்து வந்ததல்ல. 2.99 வெள்ளி பார்சல் மடலின் நோக்கம் அந்த 2.99 வெள்ளி இல்லை. அதைக் கட்ட நீங்கள் தட்டும் அட்டை எண்ணும், பிறகு வரும் ஒருமுறை கடவு எண்ணும்தான். ஐயமிருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். அட்டை எண்ணைத் தட்டிவிட்டீர்கள், பணம் போய்விட்டது என்றால் முதலில் வங்கி, பிறகு காவல்துறை. இந்த வரிசை முக்கியம். பணம் போகாத வெறும் விளம்பரக் குப்பைக்குக் காவல்துறை வராது.

இப்போது ‘டி/ஓ’வுக்கு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த வரிதான் கடிதத்திலேயே பெரிய துப்பு.

நம்மவர் பலரின் அடையாள அட்டையில் பெயர், பிறகு டி/ஓ (மகள்) அல்லது எஸ்/ஓ (மகன்), பிறகு தகப்பனார் பெயர் என்று இருக்கும். மொத்தமாக மடல் அனுப்பும் மென்பொருள் முழுப்பெயரை இடைவெளி விழும் இடங்களில் வெட்டி, ஒரு துண்டை வாழ்த்தில் போடும். அது குடும்பப் பெயர் என்று எண்ணி இரண்டாவது துண்டை எடுத்தால் ‘டியர் டி/ஓ’. அப்படியானால் அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே, முழுதாக இருக்கிறது. இணையத்தில் முகவரியை மட்டும் வழித்தெடுத்த பட்டியலில் இது வராது. ஃபேஸ்புக்கிலோ இணையக் கடையிலோ கூப்பிடும் பெயரை மட்டும் கொடுத்திருப்பீர்கள், அவையும் விலகிவிடுகின்றன. முழுப்பெயரையும் மின்னஞ்சலையும் ஒரே படிவத்தில் எங்கே கொடுத்தீர்கள்? பயிற்சி வகுப்பு, காப்புறுதி விலை விசாரிப்பு, கொண்டோ ஷோஃப்ளாட் வருகைப் பதிவு, உடற்பயிற்சிக்கூடத்தின் இலவச அறிமுகம், கடைத்தொகுதியின் அதிர்ஷ்டக் குலுக்கு, பயண முகவை. யோசித்தால் பட்டியல் பத்தைத் தாண்டாது.

குப்பைப் பெட்டியில் உள்ளவை 30 நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால், ‘டி/ஓ’ மடல்களில் பத்தையாவது இப்போதே இறக்கி வையுங்கள். அவற்றின் ஹெடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டிகிம் தேறிய தளப்பெயர் எது, ‘ரிட்டர்ன்-பாத்’ (சேராத மடல் திரும்பிப் போகும்) முகவரி எது, ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்’ (விலகிக்கொள்ளும் வழி) வரியில் உள்ள தளம் எது என்று ஒப்பிடுங்கள். விற்கும் பொருள் வேறு வேறாக இருந்தும் அனுப்பும் தளம் ஒன்றே என்றால், ஒரே பட்டியலை ஒரே விநியோகக்காரர் பலருக்காகப் பயன்படுத்துகிறார். எல்லாமே வீட்டு விற்பனை என்றால் சந்தேகம் ஷோஃப்ளாட் பக்கம் சாயும். பிறகு ஜிமெயிலில் ‘தேங்க் யூ ஃபார் ரெஜிஸ்டரிங்’, ‘வெல்கம்’ போன்ற சொற்களைப் போட்டு, குப்பை தொடங்கிய மாதத்துக்கு முந்தைய ஓராண்டு மடல்களைத் தேடிப் பாருங்கள். மூன்று மாதம் மட்டும் பார்த்தால் போதாது. கசிந்த பட்டியல் கைமாறி விலைபோக நாளாகும்.

யாரும் விற்காமலேயே திருட்டுப் போயிருக்கலாம் என்பதையும் மறக்கவேண்டாம். ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால், அது எந்தெந்தத் திருட்டில் அகப்பட்டது, கூடவே என்னென்ன போயின என்று காட்டும். ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலிய இணையப் பாதுகாப்பு வல்லுநர் 2013லிருந்து நடத்தி வருவது அது. 2020 அக்டோபரில் வெளிவந்த ரெட்மார்ட் சம்பவத்தில் 1.1 மில்லியன் கணக்குகளின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், முகவரி போன்றவை போயின; திருடப்பட்டதே ஒன்றரை ஆண்டுக்கு மேல் புதுப்பிக்கப்படாத பழைய தரவுத்தளம். நாம் மறந்துபோன கணக்கும் இப்படித்தான் மாட்டுகிறது.

சந்தேகம் ஓர் உள்ளூர் நிறுவனத்தின் மேல் விழுந்தால் கையில் சட்டம் இருக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்கீழ், உங்களைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறீர்கள், கடந்த ஓராண்டில் அதை எப்படிப் பயன்படுத்தினீர்கள், யாரிடமாவது வெளியிட்டீர்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளியிட்டிருக்கவேண்டும். பெரும்பாலும் இணையத்தளத்தின் அடியில் ‘பிரைவசி பாலிசி’ பக்கத்தில் இருக்கும். அவருக்குத்தான் எழுதவேண்டும், வாடிக்கையாளர் சேவைக்கு அல்ல. குற்றம் சாட்டாமல் எழுதுங்கள். இந்த முழுப்பெயரும் இந்த மின்னஞ்சலும் உங்களிடம் இருக்கின்றனவா, எந்தத் தேதியில் எந்தப் படிவம்வழி வந்தன, ஓராண்டில் எந்த நிறுவனங்களுக்கு, எதற்காகக் கொடுத்தீர்கள் என்று மூன்றே கேள்வி. 30 நாளுக்குள் பதில் தர இயலாவிட்டால், எப்போது தருவோம் என்பதையாவது அந்த 30 நாளுக்குள் எழுத்தில் சொல்லவேண்டும். நியாயமான கட்டணம் கேட்கலாம். பதில் மழுப்பலாக வந்தாலோ வராவிட்டாலோ தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் புகார் செய்யலாம். இந்தச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது.

எல்லாரையும் விட எளிதில் அகப்படுகிறவர் கொண்டோ மடல் அனுப்பும் முகவர். பார்சல் மோசடிக்காரர் எந்தக் கண்டத்திலோ இருக்கிறார். முகவரோ இங்கேயே இருக்கிறார். வீட்டு விளம்பரத்தில் அவர் பெயரும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். சொத்து முகவர்களுக்கான பொதுப் பதிவேட்டில் அது உண்மைதானா என்று பார்க்கலாம். ‘டியர் டி/ஓ’ என்று அழைத்த முகவரிடம் இந்தப் பட்டியலை எங்கே வாங்கினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சங்கிலியில் உங்கள் கைக்கு எட்டும் கண்ணி அவர்தான். அவர் ஒரு பெயர் சொன்னால், அடுத்த கடிதம் அந்த நிறுவனத்தின் அதிகாரிக்கு.

2007 ஜூனில் நடப்புக்கு வந்த ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டமும் உண்டு. 24 மணி நேரத்தில் 100க்கு மேல், 30 நாளில் 1,000க்கு மேல், அல்லது ஓராண்டில் 10,000க்கு மேல் அனுப்பினால் அது மொத்த மடல். கேட்காமல் வரும் விளம்பரம் என்றால் தலைப்பின் தொடக்கத்தில் கோணக்குறிகளுக்குள் ‘ஏடிவி’ என்ற மூன்றெழுத்து இருக்கவேண்டும், விலகிக்கொள்ளும் வழியும் இருக்கவேண்டும், கேட்ட பத்து வேலை நாளுக்குள் நிறுத்தவேண்டும். நஷ்டமடைந்தவர் சிவில் வழக்குப் போட்டு மடலுக்கு 25 வெள்ளி வரை, மொத்தத்தில் 1 மில்லியன் வெள்ளிக்கு மேற்போகாமல் கேட்கலாம். தனி ஆளுக்கு வழக்குச் செலவு கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. ஆனால் முகவருக்கு எழுதும் கடிதத்தில் இந்தச் சட்டத்தின் பெயரைச் சேர்த்தால் பதில் விரைவாக வரும். ‘டூ நாட் கால்’ பதிவேட்டில் பெயர் கொடுத்தும் குப்பை மடல் நிற்கவில்லையே என்று பலர் நினைக்கிறார்கள். அது தொலைபேசி எண்ணுக்கு மட்டும்தான், மின்னஞ்சலுக்கு அல்ல.

‘அன்சப்ஸ்கிரைப்’ அழுத்தலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெயர் தெரிந்த உண்மையான நிறுவனம் என்றால் அழுத்துங்கள், அதுவும் மடலுக்குள் உள்ள இணைப்பை விட, அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே காட்டும் பொத்தானை. யாரென்றே தெரியாத மடலில் அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாகும். படங்களும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை வைத்து மடல் திறக்கப்பட்டதை அறிந்துகொள்வார்கள். ஜிமெயில் அமைப்புகளில் ‘இமேஜஸ்’ என்ற இடத்தில், காட்டும்முன் கேட்கும்படி மாற்றிவிடுங்கள்.

இனி கொடுக்கும் ஒவ்வொரு முகவரியிலும் ஓர் அடையாளம் வையுங்கள். ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின் கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்தாலும் மடல் உங்களுக்கே வரும்: பெயர்+ஜிம், பெயர்+குலுக்கு என்று. எந்த வடிவத்துக்குக் குப்பை வருகிறதோ அந்த இடத்தில் கசிந்தது என்று பொருள். ஆனால் சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்காது; பட்டியல் விற்பவர்களும் கூட்டலிலிருந்து பின்னால் உள்ளதை வெட்டிவிடத் தெரிந்தவர்கள். புள்ளிதான் நுட்பமானது. ஜிமெயில் முகவரியின் முன்பகுதியில் புள்ளி எங்கே இருந்தாலும் கூகுள் பொருட்படுத்தாது. எட்டெழுத்துப் பெயரில் ஏழு இடைவெளி. புள்ளி வைப்பதும் வைக்காததுமாக 128 வடிவங்கள் கிடைக்கும். எந்த வடிவத்தை எங்கே கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். குப்பை வந்தால் ‘டு’ வரியில் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

முகவரியை மாற்றுவது பற்றி: பழையதை அழிக்காதீர்கள். புதிதாக ஒன்று தொடங்கி, அதை வங்கி, சிங்பாஸ், மத்திய சேமநிதி, வருமான வரி ஆகியவற்றுக்கு மட்டும் கொடுங்கள். பெற்றோரோடு உள்ள தொடர்பு பழையதிலேயே இருக்கட்டும். ஆண்டுக்கொருமுறை மட்டும் மடல் அனுப்பும் காப்புறுதி, சந்தா போன்றவை எங்கே பதிவாகியிருக்கின்றன என்பது ஓராண்டு சுற்றி வந்தால்தான் தெரியும். பிற்பாடு பழைய பெட்டியைப் பயன்படுத்துவதை நிறுத்தினாலும் அவ்வப்போது உள்ளே போய் வாருங்கள். இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளைக் கூகுள் அழித்துவிடலாம். அந்த முகவரியை மீட்பு முகவரியாக வைத்திருக்கும் வேறு கணக்குகள் இருந்தால், அவற்றுக்குள் திரும்ப நுழையும் வழியும் அதோடு போய்விடும்.